காலாண்டு ரிசல்ட்டோடு ஸ்பிளிட்டும் (ஒரு பங்கைப் பல சிறு பங்குகளாகப் பிரிப்பது) வரும் என்று நம்பி முன்கூட்டியே பங்கு வாங்கலாமா?

நான் ஒருமுறை அப்படி வாங்கிச் சூடு பட்டவன். பங்கின் பெயர் வேண்டாம். விலை நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. "இந்த ரிசல்ட்டில் உடைச்சிடுவாங்க" என்று டெலிகிராம் குழுவில் ஒரே பேச்சு. ரிசல்ட் வந்தது, லாபம் குறைந்திருந்தது, ஸ்பிளிட் பற்றி ஒரு வரிகூட இல்லை. கம்பெனி எந்த இடத்திலும் அப்படிச் சொன்னதில்லை, நாங்களாகக் கட்டிய மனக்கோட்டை அது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன்: நம் நாட்டில் பங்கின் முகமதிப்பைப் (சந்தை விலை அல்ல, பங்குக்குக் கம்பெனி குறித்துவைத்த மதிப்பு) பிரிப்பது பற்றி இயக்குநர் குழு கூடிப் பேசப்போகிறது என்றால், அதை முன்கூட்டியே பங்குச்சந்தைக்குச் சொல்ல வேண்டும் என்பது, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதி. பிஎஸ்இ (மும்பை பங்குச்சந்தை) தளத்தில் கூட்ட அறிவிப்பைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை. சரி, அறிவிப்பில் அந்த வரி இருக்கிறது என்றே வையுங்கள். நீங்கள் படிக்கும்போது ஊரே படித்திருக்கும், விலையும் ஏறியிருக்கும்.

ஆன்லைனில் ரயில் டிக்கெட் விற்கும் ஐஆர்சிடிசி கதை ஞாபகம் இருக்கிறதா? 2021 ஆகஸ்ட் 12 அன்று காலாண்டு முடிவோடு சேர்த்து, 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கை 2 ரூபாய்ப் பங்குகள் ஐந்தாகப் பிரிக்க ஒப்புதல் தந்தார்கள். அக்டோபர் 19 அன்று விலை 6,000-ஐத் தாண்டிப் போய், அன்றைக்கே சறுக்கவும் ஆரம்பித்தது. 28-ஆம் தேதி பங்கு பிரிந்தது. அன்று மாலையே, டிக்கெட் வசதிக் கட்டணத்தில் பாதியை ரயில்வேக்குத் தர வேண்டும் என்ற செய்தி. மறுநாள் காலை விலையில் கால்வாசி போயிற்று. ரயில்வே அன்றே முடிவை வாபஸ் வாங்கியதால் ஓரளவு மீண்டது. கையில் ஒரு பங்குக்குப் பதில் ஐந்து இருந்ததால் யாருக்கும் அடி குறையவில்லை.

அமெரிக்க சிப் கம்பெனியான என்விடியாவை உதாரணம் காட்டுவார்கள். 2024 மே 22 அன்று ரிசல்ட்டோடு ஒன்றுக்குப் பத்து ஸ்பிளிட் அறிவித்தது. மறுநாள் பங்கு சுமார் 9% ஏறியது, உண்மைதான். ஆனால் அந்தக் காலாண்டில் வருமானம் 262% கூடி 2,600 கோடி டாலரைத் தொட்டிருந்தது. ஸ்பிளிட் இல்லாவிட்டாலும் ஏறியிருக்கும் என்பதே என் எண்ணம்.

எங்கள் மாமா ஒருவர் ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் "எம்ஆர்எஃப் இந்தத் தடவை பிரிப்பான்" என்பார். 2023 ஜூனில் அது ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோதும் பிரிக்கவில்லை. மாமா இன்னும் ஒரு பங்குகூட வாங்கவில்லை.