வேன் பேசுமுன் எழுதி வாங்குங்கள்: விடுமுறைப் பயணக் கேள்வி-பதில்

நீலகிரி எக்ஸ்பிரஸில் எப்போது பார்த்தாலும் வெயிட்டிங் லிஸ்ட். ஊட்டிக்குப் போக வேறு வழி? – வாசகி, காட்பாடி

காட்பாடிக்கு ஒதுக்கும் இடம் கொஞ்சம். சென்னை சென்ட்ரலிலிருந்து டிக்கெட் போட்டு, போடும்போதே போர்டிங் ஸ்டேஷனைக் காட்பாடி என்று மாற்றுங்கள். சிலீப்பரில் ஆளுக்கு நூறு ரூபாய்க்குள்தான் கூடும். மாற்றியபின் சென்னையில் ஏற முடியாது. முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். 120 நாள் என்பது 2024 அக்டோபரோடு போயிற்று. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் கிடைக்காவிட்டால் குன்னூர் வரை பஸ், அங்கிருந்து ஊட்டிக்கு மலை ரயில். பல்சக்கரப் பாதை மட்டும் தவறிப்போகும்.

ஆறு பேருக்கு ஒரே டிக்கெட். வயதான அப்பா, அம்மாவுக்கு அப்பர் பெர்த் விழுந்துவிட்டது. – ஆம்பூர்

ஆறு பேரையும் ஒன்றாகப் போட்டதுதான் தப்பு. 60 வயதுக்கு மேற்பட்ட ஆண், 45 வயதுக்கு மேற்பட்ட பெண் ஆகியோருக்கான லோயர் பெர்த் கோட்டா, ஒருவர் அல்லது இருவர் மட்டும் உள்ள டிக்கெட்டுக்குத்தான். அடுத்த முறை அவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட் போடுங்கள்.

கம்மி செலவில் நல்ல இடம் சொல்லவும். – குடியாத்தம்

எத்தனை பேர், எத்தனை நாள், எந்த மாதம்? மூன்றையும் எழுதிவிட்டுக் கேளுங்கள்.

ஏற்காட்டுக்கு வேன் பேசினோம். கிலோமீட்டருக்கு 22 ரூபாய். ஓடியது 520 கி.மீ., பில் 22,000 ரூபாய். வெள்ளி இரவு 10 மணிக்குக் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினோம். ஏமாற்றிவிட்டார்களா? – ஆற்காடு

ஏமாற்றவில்லை. நீங்கள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. வாரம் இப்படி ஒரு கடிதமாவது வருகிறது.

வேன்காரர் கணக்கில் ஒரு நாள் என்பது பெரும்பாலும் நள்ளிரவு 12 முதல் 12 வரை. வெள்ளிக்கிழமையின் அந்த இரண்டு மணி நேரமும் ஒரு முழு நாள். நாளுக்குக் குறைந்தது 300 கி.மீ. என்று வைத்தால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூன்று நாளுக்கு 900 கி.மீ. 22-ஆல் பெருக்குங்கள்: 19,800. மேலே டோல், டிரைவர் பேட்டா. சனி விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டிருந்தால் 600 கி.மீ., 13,200 ரூபாயோடு முடிந்திருக்கும். தூக்கமும் கெட்டிருக்காது.

அடுத்தது 'ஷெட் டு ஷெட்'. மீட்டர் உங்கள் வாசலில் ஓடத் தொடங்குவதில்லை. வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பியதும் தொடங்கிவிடும். வேலூர் வண்டியை ஆற்காட்டுக்கு வரவழைத்தால் அந்தத் தூரமும் உங்கள் தலையில். ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் போனில் படம் எடுங்கள். நாள் கணக்கு, குறைந்தபட்ச கி.மீ., பேட்டா, டோல், பார்க்கிங், மலையில் ஏசி போடுவார்களா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வழியிலேயே மறந்துபோகும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும்: 'தெரிந்தவர் வண்டி, ஆயிரம் குறைவு' என்று வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. வாடகைக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க இடமுண்டு. மஞ்சள் போர்டு, எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ் மூன்றையும் பாருங்கள். திருப்பதி போகிறவர்கள் ஆந்திரா பெர்மிட்டையும் கேளுங்கள். நமக்குச் சித்தூர் பக்கத்து ஊர்தான்; செக்போஸ்ட்டுக்கு அது வேறு மாநிலம். பெர்மிட் செலவு யாருடையது? அதையும் எழுதி வாங்குங்கள்.

வண்டியில் கொடைக்கானல் போக எடுக்க வேண்டிய இ-பாஸுக்கு 500 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? – சத்துவாச்சாரி

ஒரு பைசா கொடுக்காதீர்கள். அரசு இணையதளத்தில் இலவசம். சீசனில் நாளுக்கு இத்தனை வண்டி என்று வரம்பு வைப்பதால், பாஸ் எடுத்தபிறகு ரூமுக்கு முன்பணம் கட்டுங்கள். அரசு பஸ்ஸில் போனால் பாஸே வேண்டாம்.

இரவு ரயிலுக்கு மதியமே பிரியாணி பார்சல் வாங்கி வைக்கலாமா? – ராணிப்பேட்டை

கூடாது. புளியோதரை கட்டுங்கள். சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, நன்றாக ஆறியபின் புளிக்காய்ச்சல் சேர்க்க வேண்டும். சூடாக மூடினால் மூடியில் ஆவி நீர் கோத்துச் சொட்டும். சாதம் ஊசிப்போவது அதனால்தான். தேங்காய் சேர்க்காதீர்கள்.

ஏலகிரி ஊட்டி மாதிரி குளிருமா? – வாணியம்பாடி

உயரத்தில் ஊட்டிக்குப் பாதி, சுமார் 1,100 மீட்டர். மே மாதப் பகலில் ஸ்வெட்டர் பையிலேயே இருக்கும். 14 கொண்டை ஊசி வளைவு. குமட்டுகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

மே மாதம் ஜலகாம்பாறை அருவிக்குப் போகலாமா? – ஆரணி

பாறை இருக்கும். ஜலம் மழைக்கு அப்புறம்.