டிரானெக்ஸாமிக் அமிலம் உயிரைக் காத்தும், கருப்பை அகற்றம் ஏன் குறையவில்லை?

ரத்தப்போக்கைக் குறைக்கும் இந்த மருந்தைப் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் சோதித்து, 2017-இல் வெளியான வுமன் ஆய்வைப் பற்றிக் கேட்கிறீர்கள். 21 நாடுகள், 20,060 பெண்கள். ரத்தப்போக்கால் இறந்தோர் மருந்து பெற்றவர்களில் 1.5 சதவீதம், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 1.9.

கருப்பை அகற்றம் மட்டும் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றே. காரணம், முடிவெடுத்த நேரம். சிசேரியன் மேசையில் ரத்தம் கொட்டும்போது, கருப்பையை எடுக்கும் முடிவும் ஆய்வில் சேர்க்கும் முடிவும் பலருக்கு ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டன. ஊசி வேலை செய்ய அவகாசமே இல்லை. இறப்பையும் அகற்றத்தையும் ஆய்வின் ஒரே முதன்மை அளவீடாகக் கூட்டியதால் பலன் கணக்கில் மங்கிப்போனது. மருந்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

நடைமுறையில், பிரசவமான 3 மணி நேரத்துக்குள் 1 கிராம், சிரை வழியே, 10 நிமிடம் எடுத்து. அவசரப்பட்டுச் செலுத்தினால் ரத்த அழுத்தம் சரியலாம். 30 நிமிடம் கழித்தும் நிற்காவிட்டால் இன்னொரு கிராம்.