மருந்துக்கடை பில்லும் மினிமம் டியூவும்

கேள்வி: திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். வயது 42, கையில் வரும் சம்பளம் 62,000 ரூபாய். தனியார் பள்ளி ஆசிரியையான என் மனைவிக்குச் சென்ற ஆண்டு ஏ.எம்.எல். என்ற இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. கீமோவுக்குப் பிறகு நோய் கட்டுக்குள் இருக்கிறது. அது திரும்பாமல் இருக்க ஆறு வாரத்துக்குள் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். மனைவியின் தம்பியுடைய எச்.எல்.ஏ. (கொடையாளரின் செல்கள் ஒத்துப்போகுமா என்று காட்டும் திசு வகை) முழுமையாகப் பொருந்தியிருக்கிறது. மருத்துவமனை தந்த எஸ்டிமேட் 19 லட்சம். நிறுவனத்தின் குழுக் காப்பீடு 5 லட்சம். சென்ற மாதம்தான் புதுப்பித்தார்கள். ஆனால் ஸ்டெம் செல் சிகிச்சை அதில் வராது என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். பி.எஃப்.-இல் எடுக்கக்கூடியது 6 லட்சம். மனைவியின் நகை 30 சவரன், அவிநாசி அருகே 4 சென்ட் மனை இருக்கின்றன. மூன்று கிரெடிட் கார்டுகளில் 2,85,000 ரூபாய் நிலுவை. மினிமம் டியூவை, அதாவது மாதந்தோறும் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, தவறாமல் கட்டுகிறேன். இது மனைவிக்குத் தெரியாது. நகையை மகளுக்கென்று வைத்திருப்பதால் தொட மனமில்லை. 15 லட்சம் தனிநபர் கடன் வாங்கலாமா? வேலையை விட்டுவிட்டு மனைவியுடன் இருந்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. இதற்கிடையில், கர்ப்பிணியான என் தங்கை, குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தை, அதிலுள்ள ஸ்டெம் செல்களுக்காக, தனியார் வங்கியில் சேமிக்க ஆகும் 70,000 ரூபாயில் பாதியைக் கேட்கிறாள். அது அண்ணிக்கும் உதவும் என்று முகவர் சொன்னாராம். கொடுக்கலாமா?

பதில்: உங்கள் மனைவிக்குப் பொருத்தமான கொடையாளர் வீட்டிலேயே கிடைத்திருக்கிறார். உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஆகவே பணம் புரளவில்லை என்பதற்காகச் சிகிச்சைத் தேதி ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது என்பதை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கவைத்தது 19 லட்சம் என்ற எண் அல்ல. மினிமம் டியூவைத் தவறாமல் கட்டிவிடுகிறேன் என்று நிம்மதியோடு எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான். நீங்கள் இணைத்து அனுப்பிய கார்டு அறிக்கைகளைப் பார்த்தேன். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 2,85,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 9,975 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,795 ரூபாய். ஆக 11,770 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போகிறது. நீங்கள் கட்டும் 14,250 ரூபாயில் அசலில் கழிவது சுமார் 2,480 ரூபாய்தான். அதே மாதத்தில் மருந்துக்கடையில் 8,460 ரூபாய்க்கு ஒருமுறையும் 6,200 ரூபாய்க்கு ஒருமுறையும் கார்டைத் தேய்த்திருக்கிறீர்கள். மருத்துவமனை வாசலில் உள்ள ஏ.டி.எம்.-இல் 10,000 ரூபாய் ரொக்கமும் எடுத்திருக்கிறீர்கள். கழிந்ததைப் போல் பத்து மடங்கு அந்த ஒரே மாதத்தில் ஏறியிருக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. முந்தைய நிலுவையை முழுவதும் கட்டாதவருக்கு அந்த நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லாக் காலம் கிடையாது. அந்த 8,460 ரூபாய் மருந்துக்கு, பில் போட்ட நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிட்டது. ஏ.டி.எம்.-இல் எடுத்த ரொக்கத்துக்கு அந்தச் சலுகை எப்போதுமே இல்லை; எடுத்த அன்றைக்கே தனிக் கட்டணமும் உண்டு. நிலுவையை மாதத் தவணையாக மாற்றித் தருகிறோம் என்று வங்கியிலிருந்து அழைப்பார்கள். மினிமம் டியூவை விட அது மேல் என்றாலும், வட்டி, செயல்முறைக் கட்டணம், முன்கூட்டி முடித்தால் அபராதம் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், வீட்டில் நகை வைத்திருப்பவர் நாட வேண்டிய வழி அதுவல்ல.

நகையைத் தொட மனமில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அதைத் தொடாமல் பெட்டியில் வைத்திருப்பதற்கு நீங்கள் மாதந்தோறும் ஒரு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சவரனுக்கு 50,000 ரூபாய் கடன் என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொள்வோம். ஆறு சவரனை வங்கியில் வைத்தால் 3 லட்சம் கிடைக்கும். மூன்று கார்டுகளையும் ஒரே நாளில் அடைத்துவிடலாம். ஆண்டுக்கு ஒன்பதரை சதவீதம் என்றால் மாத வட்டி 2,375 ரூபாய். 11,770 எங்கே, 2,375 எங்கே! மிச்சமாகும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய், சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனைக்கு அருகில் நீங்கள் எடுக்கப்போகும் அறையின் வாடகைக்கு உதவும்.

அடுத்தது 15 லட்சம் தனிநபர் கடன். 14 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் தவணை மாதம் 34,900 ரூபாய்க்குக் குறையாது. கார்டுக்குக் கட்டும் 14,250 ரூபாயையும் சேர்த்தால் 49,000 ரூபாயைத் தாண்டுகிறது. மீதமுள்ள 13,000 ரூபாயில் இரண்டு ஊர்களில் குடும்பம் நடத்த முடியாது. அந்தப் பற்றாக்குறை மீண்டும் கார்டில்தான் போய் நிற்கும். அதனால் வேண்டாம்.

மாற்றாக இப்படிப் பாருங்கள். காப்பீடு 5 லட்சம் (வராது என்று அலுவலகத்தில் சொன்னதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்), பி.எஃப். 6 லட்சம். நோய்க்காக எடுக்கும் பி.எஃப். முன்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 19 லட்சத்தில் மீதம் 8 லட்சம். அதற்குப் பதினாறு சவரன். கார்டுகளுக்கு ஆறு. எஞ்சும் எட்டுச் சவரனை இப்போது வைக்காதீர்கள். அது சிகிச்சைக்குப் பிந்தைய முதல் நூறு நாளுக்கான கைக்காவல். எஸ்டிமேட்டில் பெரும்பாலும் அடங்காத செலவுகள் அந்த நூறு நாளில்தான் வரும். வாரம் இரண்டு முறை இரத்தப் பரிசோதனை, புதிய செல்கள் உடலைத் தாக்காமல் தடுக்கும் மருந்து, பூஞ்சைத் தொற்று வராமலிருக்க விலையுயர்ந்த மாத்திரை, தேவைப்பட்டால் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஏற்றுதல், திடீர்க் காய்ச்சலுக்கு மறு அனுமதி என்று அவை நீளும். எஸ்டிமேட்டில் எவையெல்லாம் சேரவில்லை என்று மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மைத்துனரின் பயணம், ஊசி போட்டு செல் சேகரிக்கும் நாள்களில் அவர் இழக்கும் கூலி ஆகியவையும் உங்கள் கணக்கில்தான் வர வேண்டும்.

நகைக்கடன் மொத்தம் 11 லட்சம் என்றால் வட்டி மாதம் 8,700 ரூபாய். அதை மாதந்தோறும் கட்டிவிடுங்கள். நகையை மீட்க மனை இருக்கிறது. விலை ஏறும் என்று காத்திருக்காமல் இப்போதே விற்பனைக்குச் சொல்லி வையுங்கள். ஆறு வாரத்துக்குள் விற்க முயன்றால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். நகைக்கடன் கையில் இருக்கும்போது ஓராண்டு வரை பொறுத்து நியாயமான விலைக்குக் கொடுக்கலாம். மகளுக்குரியது அப்போது அவளிடமே திரும்பும்.

காப்பீட்டில் வராது என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காதீர்கள். இது சோதனை முயற்சி அல்ல. 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும் 1986-இல் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கிய சிகிச்சை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு, அதாவது இதே ஸ்டெம் செல் சிகிச்சைக்கு, காப்பீடு தர வேண்டும் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. ஆனால் நிறுவனங்கள் இதற்குத் தனி உச்சவரம்பு வைக்கலாம். ஆகவே அந்த வரம்பு எவ்வளவு, கொடையாளரின் செலவு சேருமா, குழுக் காப்பீட்டில் கார்ப்பரேட் பஃபர் எனப்படும் கூடுதல் தொகை உண்டா என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். வரம்பு 5 லட்சத்துக்குக் கீழே என்று பதில் வந்தால், துண்டு விழும் தொகைக்கு அந்த எட்டுச் சவரனில் ஒரு பகுதி போகும். அப்போது மனையை விற்பதில் வேகம் வேண்டும். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், எஸ்டிமேட்டை இணைத்து அனுமதிக்கு முன்பே அனுப்புங்கள். ஏற்கெனவே செலவழித்த பணத்தை அங்கே திரும்பத் தர மாட்டார்கள்.

வேலையை விடாதீர்கள். குழுக் காப்பீடு உங்கள் வேலையோடு ஒட்டியது. நோய் கண்ட பிறகு வெளியில் புதிதாகப் பாலிசி கிடைப்பது மிக அரிது, கிடைத்தாலும் இந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. மனைவியின் அருகில் முழு நேரமும் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது உண்மைதான். சம்பளமில்லா விடுப்பு, வாரத்தில் சில நாள் அறையிலிருந்தே வேலை, மற்ற நாள்களில் மாமியார் அல்லது அம்மா என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். இரயில் பயணத்துக்கு மருத்துவமனையின் சான்றிதழ் வாங்குங்கள். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமில்லை, உடன் செல்பவருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு.

தங்கை கேட்கும் 35,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொந்தத்தில் மணம் முடிக்கவில்லை என்று கடிதத்தின் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் தங்கையின் குழந்தைக்கும் உங்கள் மனைவிக்கும் இரத்த உறவே இல்லை. அந்தக் குழந்தையின் செல்கள் இவருக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க எந்த அடிப்படையும் கிடையாது. பொருந்தினாலும், ஒரு பையில் இருக்கும் தொப்புள்கொடி இரத்தத்தின் செல்கள் வளர்ந்தவர் ஒருவருக்குப் பெரும்பாலும் போதா. குழந்தையின் சொந்த எதிர்காலத்துக்கு என்று சேமிப்பதற்கும் அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் 2017 நெறிமுறைகளில் சொல்லியிருக்கிறது. புற்றுநோய் வந்த வீடு என்று தெரிந்தே அந்த அச்சத்தை விற்பனைக்குப் பயன்படுத்தியிருக்கிறார் முகவர். எனக்கு இது கோபத்தையே தருகிறது. தங்கையின் மேல் வருத்தம் வேண்டாம், அவர் அண்ணிக்கு நல்லது என்று நம்பித்தான் கேட்டிருக்கிறார். இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. லாக்கர் உங்கள் மனைவியின் பெயரில் மட்டும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்று சிகிச்சைக்கு உள்ளே சென்றுவிட்டால் அவர் பல வாரம் தனி அறையில் இருப்பார். கையெழுத்து வாங்கக்கூட வெளியே அழைத்து வர இயலாது. நகை அவருடையது, முடிவும் அவருடையதாகவே இருக்கட்டும். கார்டுகளைப் பற்றி இந்த வாரமே அவரிடம் சொல்லுங்கள். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, முகக்கவசத்துடன் அவரை வங்கிக்கு அழைத்துச் சென்று லாக்கரில் உங்கள் பெயரையும் சேர்த்து, ஆறு சவரனை அன்றைக்கே எடுத்து வாருங்கள்.