‘ங்கா’ முதல் ‘அப்பத்தா’ வரை: குழந்தைப் பேச்சு, கேள்வி – பதில்

பிள்ளைக்கு எப்போது பேச்சு வரும் என்று கேட்டு மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். குழந்தைகள் நல மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் சேர்ந்து எழுதியது.

மகளுக்கு 11 மாதம். நாள் முழுக்க ‘தாத்தா’தான், ஃபேனைப் பார்த்தாலும் தாத்தா. அழும்போது மட்டும் ‘அம்மா’ வருகிறது. ‘அப்பத்தா’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று என் மாமியாருக்கு மனத்தாங்கல். எதை முதல் சொல் என்று எடுத்துக்கொள்வது?
வாசகி, அனுப்பானடி

இன்னும் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாமியாரிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

ஒரு சத்தம் சொல்லாக வேண்டுமானால் மூன்று பொருத்தம் வேண்டும். ஒரே சத்தம், ஒரே ஆளுக்கோ பொருளுக்கோ, யாரும் சொல்லித் தராமல் தானாக வர வேண்டும். வேறு வேறு நாளில் மூன்று தடவை அப்படி வந்துவிட்டால் நோட்டில் குறித்துக்கொள்ளலாம். உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. மாட்டைப் பார்க்கும்போதெல்லாம் ‘ம்பா’ என்றால் அது சொல்தான். கையை நீட்டி ‘தா’ என்றால் அதுவும் சொல்தான். சொல்லப்போனால் முழு வாக்கியம். வா, போ, தா என்று ஏவல் வினை ஒற்றை எழுத்திலேயே முடிந்துவிடுவது தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்த வசதி. ஃபேனுக்கும் தாத்தா, பூனைக்கும் தாத்தா என்றால் அது வாய்ப் பழக்கம். அதுவும் தேவையான பழக்கம்தான்.

இரண்டு, மூன்று மாதத்தில் குழந்தை ‘ங்கா’, ‘அக்கூ’ என்கிறது. மல்லாந்து படுத்திருக்கும்போது நாக்கு தொண்டைப் பக்கம் சரிந்து அடிநாக்கு மேலே முட்டுவதால் பிறக்கும் சத்தம் அது. ‘ங்கா சொல்லு, ங்கா சொல்லு’ என்று பாட்டிமார் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டு, குழந்தை பதில் சொல்லும் வரை காத்திருப்பார்கள். மாறி மாறிப் பேசுவது என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆறு மாதம் தாண்டினால் மம்மம்மா, பப்பப்பா, தாத்தாத்தா. உதட்டை மூடித் திறந்தால் ம, ப. நாக்கின் நுனி பல் ஈறைத் தொட்டால் த. மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பால் குடிக்கும்போது வாய் அடைபட்டிருப்பதால் மூக்கு வழியாக ‘ம்ம்’ என்ற முனகல்தான் வர முடியும்; பிறகு பசி வந்தாலும் அதே முனகல்; அதுவே அம்மாவின் பெயராக நிலைத்துவிடுகிறது என்றார். உங்கள் மகள் அழும்போது மட்டும் ‘அம்மா’ என்பது இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறது. அழாமல், உங்களைத் தேடித் திரும்பி ‘அம்மா’ என்று கூப்பிடுகிற அன்றைக்கு அது சொல்.

‘அப்பத்தா’ கஷ்டமான சொல். உதட்டில் ஒரு ‘ப்’, உடனே நாக்கை முன்னே கொண்டுவந்து ஒரு ‘த்’, அதுவும் மூன்று அசை. தாத்தாவில் ஒரே அசை இரட்டிக்கிறது, உழைப்பு குறைவு. முதலில் ‘பத்தா’ என்றோ ‘அத்தா’ என்றோதான் வரும், ‘அம்மாச்சி’ ‘மாச்சி’யாக வருவதைப் போல. இதில் பாசத்துக்குப் பங்கில்லை.

பேரனுக்கு 1 வயது 2 மாதம். ஒரு வார்த்தையும் வரவில்லை. நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறது என்கிறார்கள். வசம்பைச் சுட்டுத் தேனில் உரசி நாக்கில் தடவினால் பேச்சு தெளியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தடவலாமா? என் இன்னொரு மகளுக்கும் ஒரு பிள்ளை, 5 மாதம். அதற்கும் சேர்த்துக் கொடுக்கலாமா?
வாசகி, உசிலம்பட்டி

இரண்டு பிள்ளைக்கும் வேண்டாம் அம்மா. 5 மாதப் பிள்ளைக்குக் கட்டாயம் கூடாது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூட ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து சின்னக் குடலில் முளைத்து நஞ்சு விடும். மலச்சிக்கலில் தொடங்கும்; இமை தொங்கும், பால் உறிஞ்சும் வலு குறையும், கழுத்து துவளும், மூச்சுத் திணறும். கொதிக்க வைத்தாலும் அந்த வித்து சாகாது. பொன்னைத் தேனில் உரசிக் கொடுப்பதற்கும் இதே பதில்.

வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயரே வைத்திருக்கிறோம். இரவில் அதன் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘பேர் சொல்லாதது’ என்போம். மரியாதை இருக்கட்டும். அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளைக் காரணம் காட்டி 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. கைக்குழந்தைக்குக் கொடுத்தால் வாந்தியும் மயக்கத் தூக்கமும் வரலாம். வாந்தி புரையேறினால் ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலே, பேச்சு நாக்கிலிருந்து தொடங்குவதில்லை. காதில் விழுந்து, மூளையில் பதிந்து, கடைசியாகத்தான் நாக்குக்கு வருகிறது.

நாக்கு ஒட்டியிருப்பதால் பேச்சு தாமதமாகாது. பேச ஆரம்பித்த பிறகு ல, ட, ர போன்ற சில ஒலிகள் கொஞ்சம் மழுங்கலாம், அவ்வளவுதான். நாக்கை நீட்டும்போது நுனி கீழுதட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள், தாண்டினால் விட்டுவிடலாம். பால் குடிப்பதில் சிரமம் இருந்திருந்தால்தான் வெட்டிவிடும் பேச்சே வரும்.

இந்த வயதில் சொல் இல்லாததைவிட வேறு சில அடையாளங்கள் முக்கியம். ஆள்காட்டி விரலை நீட்டி ‘அதோ’ என்று காட்டுகிறானா? டாட்டா காட்டுகிறானா? நீங்கள் கையால் சாடை காட்டாமல் ‘செருப்பு எங்க?’ என்றால் வாசல் பக்கம் பார்க்கிறானா? மூன்றும் இருந்தால் இன்னும் இரண்டு மாதம் பொறுக்கலாம். 16 மாதத்திலும் ஒரு சொல்கூட இல்லையென்றால் மருத்துவரிடம் போங்கள். விரல் நீட்டுவதே இல்லையென்றால் இப்போதே போங்கள்.

சொந்தத்தில்தான் கல்யாணம், அவர் எனக்குத் தாய்மாமன். பையனுக்கு 10 மாதம். தட்டு விழுந்தால் தூக்கிவாரிப் போட்டுத் திரும்புகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ‘விளையாட்டுப் புத்தி’ என்கிறார்கள். மூன்று மாதத்தில் ‘ங்கா’ சொன்னவன்தான், இப்போது சத்தம் குறைந்துவிட்டது.
வாசகி, மேலூர்

இந்த வாரமே காதைச் சோதித்துவிடுங்கள். வந்த கடிதங்களில் காத்திருக்கக் கூடாதது இதுதான்.

தட்டுச் சத்தம் எதையும் நிரூபிக்காது. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல். எவர்சில்வர் தட்டு சிமெண்டுத் தரையில் விழுவது அதைவிட மிகப் பலமான சத்தம். தரை அதிர்வே உடம்பில் தெரியும். பாதிக் காது கேட்கிற பிள்ளைகூடத் திரும்பிவிடும். ‘ங்கா’வும் நிரூபிக்காது. காது அறவே கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் ‘ங்கா’ சொல்லும். அதன் பிறகு தன் சத்தம் தன் காதில் விழாததால் பப்பப்பா, தத்தத்தா என்ற அடுத்த படிக்கு வரத் தாமதமாகும். சில பிள்ளைகள் அடங்கியே போகும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி அப்படித்தான் இருக்கிறது.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். டிவியை அணைத்து, பிள்ளையை மடியில் வைத்து, எதிரே ஒருவர் சத்தமில்லாத பொம்மையைக் காட்டிக் கவனத்தை முன்னே வைத்திருக்கட்டும். இன்னொருவர் பின்பக்கம் மூன்றடி தள்ளி, கண்ணில் படாத இடத்தில் நிற்கட்டும். வளையலையும் கொலுசையும் கழற்றிவிடுங்கள். நிழலும் காற்றும் காட்டிக்கொடுக்கக் கூடாது. பேசும் குரலிலேயே ‘ம்’, ‘ஊ’, ‘ஆ’, ‘ஈ’, ‘ஷ்’, ‘ஸ்’ என்று ஒவ்வொன்றாக, இரண்டு நொடி நீட்டிச் சொல்லி, இடையில் நிறுத்திப் பாருங்கள். தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலிவரை பேச்சின் வீச்சு இந்த ஆறில் அடங்கிவிடும். ‘ஆ’வுக்குத் திரும்பி ‘ஸ்’ஸுக்குத் திரும்பாத பிள்ளைக்குப் பேச்சில் பாதி கேட்கவில்லை என்று பொருள். மூன்று தடவைக்கு மேல் செய்தால் சலித்துப்போய்த் திரும்பாது. ஒன்று சொல்லிவிடுகிறோம், இதில் தேறிவிட்டான் என்று மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது.

அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். ஓஏஇ பரிசோதனை என்பது காதில் சின்ன அடைப்பான் வைத்துச் சில நிமிடத்தில் முடிவது. பெரா என்பது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுப் போட்டு, குழந்தை தூங்கும்போது எடுப்பது; காதிலிருந்து மூளைத்தண்டு வரை ஒலி போகிறதா என்று காட்டும். பிறந்ததும் இன்குபேட்டரில் இருந்த பிள்ளைக்கு ஓஏஇ மட்டும் போதாது, பெராவும் வேண்டும். சோதனைக்குப் போகும் அன்று காலையில் சீக்கிரம் எழுப்பிவிட்டு, வழியில் பஸ்ஸில் தூங்கவிடாமல் கொண்டுபோங்கள். அங்கே போய்ப் பால் கொடுத்தால் தூங்கிவிடுவான். பெரும்பாலும் தூங்காததால்தான் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் ஆர்பிஎஸ்கே (அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவும் மேல் பரிசோதனைக்கு எழுதித் தரும், ஆனால் அவர்கள் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

சொந்தத்தில் கல்யாணம் என்று சொன்னது முக்கியம். பிறவியிலேயே காது கேளாமைக்குக் காரணமான மரபணுக்களில் பல மறைவாக இருப்பவை. கணவன், மனைவி இருவரும் ஒரே கோளாறைச் சுமந்தால், ஒவ்வொரு பேறுக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. கொண்டு கொடுத்த குடும்பத்தில் இருவரும் அதையே சுமக்கும் சாத்தியம் கூடுதல். யார் மீதும் பழி போட இதைச் சொல்லவில்லை. அடுத்த குழந்தைக்குப் பிறந்த முதல் மாதத்திலேயே சோதனை செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். 1 மாதத்தில் சோதனை, 3 மாதத்தில் உறுதி, 6 மாதத்தில் கருவி: இதுதான் உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு. உங்கள் பையனுக்கு அந்தக் கணக்கு தாண்டிவிட்டது, ஆனாலும் பிந்திவிடவில்லை. காது கருவி கைக்குழந்தைக்கும் பொருத்தலாம். அது போதாதென்றால், அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி. 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் இடம் உண்டு. ஒரு வயதை ஒட்டிச் செய்யும்போது கிடைக்கும் பலன் ஐந்து வயதில் செய்தால் கிடைப்பதில்லை.

இன்னொன்று. எண்ணெய்க் குளியலின்போது காதில் எண்ணெய் விடுவதையும், மூக்கில் ஊதிச் சளி எடுப்பதையும் நிறுத்துங்கள். நடுக்காதில் நீர் கோத்தால், கேட்கிற காதும் வாரக் கணக்கில் அடைத்துக்கொள்ளும்.

வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் பேசுகிறார். மகனுக்கு 1 வயது 8 மாதம். குழம்பிவிடுவானோ?
வாசகி, மகால் பகுதி

மாட்டான். இரண்டு, மூன்று மொழி கேட்கும் பிள்ளைக்கும் முதல் சொல் அதே பருவத்தில்தான் வரும். எண்ணும்போது எல்லா மொழியையும் கூட்டுங்கள். சௌராஷ்டிரத்தில் 6, தமிழில் 5, ஆங்கிலத்தில் 2 என்றால் 13 சொல். தனித்தனியாகப் பார்த்துப் பயப்படுவதுதான் இங்கே நடக்கும் தவறு. ஒரே வாக்கியத்தில் கலந்து பேசினாலும் கவலை வேண்டாம். பெரியவர்கள் கலந்து பேசாத வீடு மதுரையில் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்துக்காக வீட்டு மொழியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பாட்டியின் கதையும் திட்டும் கொஞ்சலும் எந்த மொழியில் தாராளமாக வருகிறதோ அந்த மொழிதான் பிள்ளைக்குச் சத்து.

1 வயது 10 மாதம். போனைக் காட்டினால்தான் சாப்பிடுகிறாள். ஏபிசிடி முழுக்கச் சொல்கிறாள், ஆங்கிலப் பாட்டு பாடுகிறாள், ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துப் பானைக்கு இழுத்துப் போகிறாள். கெட்டிக்காரிதானே?
வாசகர், வாடிப்பட்டி

ஞாபகசக்தி இருக்கிறது, பேச்சு இன்னும் வரவில்லை. பாட்டுச் சொல்வதும் கேட்பதற்குச் சொல்வதும் வேறு வேறு. 2019இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல்படி ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம். 2 வயதுக்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரம்தான் உச்சம். போன் பேசிக்கொண்டே போகும், பதிலுக்குக் காத்திருக்காது. அதுதான் கோளாறு.

சாப்பாட்டு நேரத்தில் போனை அடுத்த அறையில் வையுங்கள். மூன்று, நான்கு நாள் அழுவாள், குறைவாகச் சாப்பிடுவாள். பசி தானாகச் சரிசெய்யும். 30 நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். இட்லியை முழுசாக வைக்காமல் ஒரு துண்டு கொடுத்து நிறுத்துங்கள். அவள் பார்ப்பாள். மனசுக்குள் 10 வரை எண்ணுங்கள். கை நீட்டினாலோ ‘ம்’ என்றாலோ, ‘இட்லி, இன்னும் இட்லி’ என்று சொல்லி அடுத்த துண்டு. பானைக்கு இழுத்தால் குனிந்து கண்ணுக்கு நேராக ‘தண்ணியா? பாலா?’ என்று இரண்டையும் காட்டுங்கள். அவள் ‘தண்ணி’ என்றால் நீங்கள் ‘தண்ணி குடு’ என்று ஒரு சொல் கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ‘சொல்லு, சொன்னாத்தான் தருவேன்’ என்ற மிரட்டல் பலிக்காது. வாய் இன்னும் இறுகும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். பெயர் சொன்னால் திரும்பாதது, விரல் நீட்டாதது, நம் கையைக் கருவி மாதிரி பயன்படுத்துவது மூன்றில் ஒன்று இருந்தாலும் காதுப் பரிசோதனையும், ஆட்டிசத்துக்கான ஆரம்பக் கேள்விப் பட்டியலும் இந்த மாதமே வேண்டும். 2 வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணா’ என்று இரண்டு சொல் சேர வேண்டும்.

‘ஆம்பளப் பிள்ளை மூணு வயசுலதான் பேசும்’ என்கிறாரே என் மாமியார்?
வாசகி, திருமங்கலம்

பெண் பிள்ளையைவிடச் சராசரியாக ஒன்றிரண்டு மாதம் பிந்தலாம், ஒன்றரை வருடம் பிந்தாது. குறைமாதப் பிள்ளைக்கு மட்டும் சலுகை உண்டு: 8 வாரம் முந்திப் பிறந்திருந்தால் 2 வயதுவரை வயதிலிருந்து 8 வாரம் கழித்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டால் எந்தச் சலுகையும் இல்லை; அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பேரனுக்கு 3 வயது. ஜன்னலில் காக்கா வந்தால் ‘தாத்தா வந்துருக்கு’ என்கிறான். எனக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. ‘பழம்’ என்பதும் ‘பளம்’தான். பயிற்சி வேண்டுமா?
வாசகர், சோழவந்தான்

க வர வேண்டிய இடத்தில் த வருவது இந்த வயதில் சகஜம். அடிநாக்கைத் தூக்குவதைவிட நுனிநாக்கை முட்டுவது சுலபம். நாலு வயதுக்குள் பெரும்பாலும் மாறிவிடும். மாறாவிட்டால் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அதுவரை அவனைத் திருத்தாமல், ‘ஆமா, காக்கா வந்துருக்கு’ என்று நீங்கள் மட்டும் தெளிவாகச் சொன்னால் போதும். மூன்று வயதில் வெளியாள் கேட்டால் முக்கால்வாசி புரிய வேண்டும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

ழ கடைசியில் வரும் ஒலிகளில் ஒன்று. ஐந்தாறு வயது ஆகலாம். ஆனால் அதைப் பிள்ளை எங்கே கேட்கப் போகிறான் என்பதையும் பாருங்கள். மதுரையில் பஸ் ஏறும்போது கண்டக்டர் உங்கள் ஊரைச் ‘சோளவந்தான்’ என்றுதான் கூவுகிறார். நீங்கள் எப்படிச் சொல்லி டிக்கெட் கேட்கிறீர்கள்?