முதலில் இஞ்சு டேப், பிறகு கடை: அலுவலக நாற்காலி, மேசை பற்றிய கேள்வி பதில்

கோயம்புத்தூரில் 22 ஆண்டுகளாக அலுவலகங்களுக்கு நாற்காலியும் மேசையும் செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். என் வேலை நாளில் பாதி, பழையவற்றைப் பழுது பார்ப்பதில்தான் போகிறது. உடலுக்குப் பொருந்துவதும் பல்லாண்டு உழைப்பதுமான தளவாடங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் விடையளிக்கிறேன்.

கேள்வி (கணக்காளர், பல்லாவரம்): ஐயா, என் உயரம் 5 அடி. சென்ற மாதம் அலுவலகத்தில் எல்லோருக்கும் விலையுயர்ந்த புது நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் சுகமாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு மட்டும் மாலைக்குள் தோள்பட்டை இறுகி, தொடையின் அடிப்பகுதி மரத்துப்போகிறது. நாற்காலியில் குறையா, என் உடம்பில் குறையா?

பதில்: இரண்டிலும் குறையில்லை, அம்மா, அளவுதான் பொருந்தவில்லை. செருப்போடு உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை இஞ்சு டேப்பால் அளந்து பாருங்கள். உங்கள் உயரத்துக்குச் சுமார் 40 செ.மீ. வரும். கடைகளில் விற்கும் பெரும்பாலான அலுவலக நாற்காலிகளை எவ்வளவு இறக்கினாலும் 44, 45 செ.மீ.க்குக் கீழே வராது. அப்படியானால் உங்கள் பாதம் தரையில் முழுதாகப் பதியாமல், இருக்கையின் முன்விளிம்பு தொடையை அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று பொருள். மரத்துப்போவதற்குக் காரணம் அதுதான்.

தோள்வலியின் காரணம் மேசையில் இருக்கிறது. உட்கார்ந்தபடி கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால், முழங்கை இருக்கையிலிருந்து ஏறக்குறைய 22 செ.மீ. உயரத்தில் நிற்கும். நாற்காலி 40 செ.மீ.யில் இருந்தால் விசைப்பலகை 62 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஆனால் உங்கள் மேசை பெரும்பாலும் 75 செ.மீ. இருக்கும். அந்த 13 செ.மீ.யை எட்டுவதற்காக நாள் முழுவதும் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டே தட்டச்சு செய்கிறீர்கள்.

மேசையின் காலை அறுக்க அலுவலகம் சம்மதிக்காது என்பதால், வேறு வழி சொல்கிறேன். முழங்கை மேசைப் பலகையின் மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்துங்கள், 53 செ.மீ. அளவில் வரும். இப்போது தொங்கும் காலுக்கு 13 செ.மீ. உயரத்தில், உங்கள் பக்கமாகச் சற்றே சரிந்த ஒரு கால்மனை வேண்டும். தச்சரிடம் மிச்சப் பலகையைக் கொடுத்தால் அரை நாளில் செய்து தருவார். இரண்டு பாதங்களையும் நகர்த்தி மாற்றி வைக்கும் அளவுக்கு அது அகலமாக இருக்கட்டும். கைப்பிடி மேசையில் இடித்து உங்களை முன்னால் நகரவிடாமல் தடுத்தால், அதைத் தயங்காமல் கழற்றிவிடுங்கள். நான்கு போல்ட் வேலைதான்.

இன்னொன்றையும் பாருங்கள். முதுகு சாய்மானத்தில் முழுதாகப் படும்படி உட்கார்ந்தால், இருக்கையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம். இடுப்புக்குப் பின்னால் உறுதியான ஒரு சிறு திண்டு வைத்து அந்த ஆழத்தைக் குறையுங்கள். ஒரே நாற்காலியை நாற்பது பேருக்கு வாங்கும் அலுவலகங்கள், இருக்கையை முன்பின் நகர்த்தும் வசதியுள்ளதை வாங்கினால் இந்தக் கேள்வியே எழாது.

கேள்வி (மென்பொருள் பணியாளர், சோழிங்கநல்லூர்): வீட்டில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி வைத்து வேலை செய்கிறேன். கழுத்து வலிக்கிறது. புது மேசை வாங்கலாமா?

பதில்: மேசையை விட்டுவிடுங்கள். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்குச் சரியாக உயர்த்தினால் தோள் தூக்கும். தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்வரை மடிக்கணினிக்கு அடியில் தடித்த புத்தகங்களை அடுக்குங்கள். திரை கைநீட்டினால் விரல்நுனி தொடும் தூரத்தில் இருக்கட்டும். மிச்சப் பணத்தை நாற்காலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வழக்கறிஞர், திருநெல்வேலி): எனக்கு 56 வயது. மேலே தூரப்பார்வையும் கீழே கிட்டப்பார்வையும் உள்ள கண்ணாடி அணிகிறேன். திரையைக் கண்மட்டத்தில் வைத்தால் கழுத்து இன்னும் மோசமாகிறதே?

பதில்: மேற்சொன்ன கண்மட்ட விதி உங்களுக்குப் பொருந்தாது, ஐயா. கீழ்ப்பகுதிக் கண்ணாடி வழியாகப் பார்க்க நீங்கள் முகவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது. திரையை நன்றாகத் தாழ்த்தி, மேல்பக்கத்தைச் சற்றுப் பின்னால் சாய்த்து வையுங்கள்.

கேள்வி (சிறு நிறுவன உரிமையாளர், ஈரோடு): 12 பேருக்கு நாற்காலி வேண்டும். நல்ல நிறுவனத்தின் பழைய நாற்காலி, மலிவான புது நாற்காலியின் விலைக்கே கிடைக்கிறது. பழையதை நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், என்னைக் கேட்டால் அதைத்தான் வாங்க வேண்டும். இரும்பு, அலுமினியம், நைலான், நுரை ஆகியவற்றை உருவாக்கச் செலவான எரிபொருள் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அந்த நாற்காலி இன்னும் பத்து ஆண்டு உழைத்தால், ஒரு புது நாற்காலிக்கான சுமை மண்ணுக்கு மிச்சம். ஆனால் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள், உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்.

நான் சோதிக்கும் முறை இது. நாற்காலியை முழு உயரத்துக்கு ஏற்றி, நடுத்தண்டில் உறை முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். பத்து நிமிடம் அதிலேயே உட்கார்ந்து கடைக்காரரோடு பேசிக்கொண்டிருப்பேன். எழுந்து பார்க்கும்போது கோடு உறைக்குள் மறைந்திருந்தால் கேஸ் கசிகிறது. கடைகளில் இந்தத் தண்டை ஹைட்ராலிக் என்பார்கள். ஆனால் உள்ளே உயரத்தைத் தாங்குவது அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயு. கசிந்தாலும் மனம் தளர வேண்டாம். பெரும்பாலான அலுவலக நாற்காலிகளில் தண்டின் மேல்முனை 28 மி.மீ., கீழ்முனை 50 மி.மீ. என்ற ஒரே கூம்பு அளவில் இருப்பதால், வேறு நிறுவனத்தின் தண்டும் பொருந்தும். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

பிறகு நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பாகத்தில் ஐந்து கால் இருக்க வேண்டும், நான்கு காலில் சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் சாயும்போது கவிழும். நைலான் காலாக இருந்தால், நடுவிலிருந்து கால் பிரியும் இடத்தில் மயிரிழைபோல வெண்கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் அந்த நாற்காலி வேண்டாம். சக்கரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்: கடின நைலான் சக்கரம் தரைவிரிப்புக்கானது, நம்மூர் டைல்ஸிலும் கிரானைட்டிலும் அது வழுக்கியோடும், கீறும். மென்மையான பாலியூரித்தேன் சக்கரமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குவதென்று முடிவு செய்தால், வேலை நாற்காலிகளுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 17631 முத்திரை உண்டா என்று கேளுங்கள். அடுத்து, ஐந்து ஆண்டு கழித்துக் கைப்பிடியும் இருக்கைத் துணியும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரர் விழித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

கேள்வி (பல் மருத்துவர், திருச்சி): வரவேற்பறைக்குப் புது மேசைகள் போட்டு மூன்று வாரமாகிறது. காலையில் கதவைத் திறந்தால் காரமான நெடி வந்து கண் எரிகிறது. பெயிண்ட் வாசனை என்கிறார்கள். இது ஆபத்தா?

பதில்: நெடி பெரும்பாலும் பலகைக்குள்ளிருந்து வருகிறது. பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் மரத்தூளையும் மரநாரையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் அழுத்திச் செய்தவை. அந்தப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு மாதக்கணக்கில் கசியும். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் இன்னும் வேகமாகக் கசியும். 2004ஆம் ஆண்டிலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுப்பில் சேர்த்திருக்கிறது. ஏ.சி. போட்டு அடைத்த அறையில் எட்டு மணி நேரம் உட்காரும் உங்கள் வரவேற்பாளரை நினைத்துப் பாருங்கள்.

இப்போதைக்கு, காலையில் ஒரு மணி நேரமும் வேலை முடிந்த பிறகும் எல்லா சன்னலையும் திறந்து மின்விசிறியை ஓடவிடுங்கள். பிறகு மேசையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மேலே லேமினேட் ஒட்டி, அடியிலும் ஒயர் துளையிலும் பலகை வெறுமையாக விடப்பட்டிருந்தால் கசிவு அந்த வழியாகத்தான். வெட்டிய விளிம்புகளை மூடும் எட்ஜ் பேண்டிங் பட்டையை ஒட்டச் சொல்லுங்கள், அடிப்பக்கத்துக்கும் லேமினேட் போடச் சொல்லுங்கள்.

மூடாத விளிம்பால் வரும் இன்னொரு கேட்டையும் நான் பார்த்திருக்கிறேன். ஓர் அலுவலகத்துக்கு வேறொருவர் போட்டுக் கொடுத்த 30 மேசைகளை இரண்டே ஆண்டில் பழுது பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். தினமும் தரை துடைத்த ஈரம், மேசையின் பக்கப் பலகைகளின் கீழ்விளிம்பில் ஏறி, நனைந்த ரொட்டிபோல உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் தூள் கொட்டியது. எதையும் காப்பாற்ற முடியவில்லை. 30 மேசையும் குப்பைக்குப் போயின. கீழே ஒன்றரை அங்குல இரும்புக் காலோ பிளாஸ்டிக் புஷ்ஷோ வைத்திருந்தால் அவை இன்றும் நின்றிருக்கும். அந்தக் காட்சி இன்னும் மனத்தை அறுக்கிறது.

அடுத்த முறை பலகை வாங்கும்போது ஃபார்மால்டிஹைடு கசிவு குறைவு என்பதைக் காட்டும் ஈ1 தரச் சான்று கேளுங்கள். தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 தர முத்திரையுள்ள பிளைவுட் நல்லது. அதில் பயன்படும் ஃபீனால் பசை ஈரத்தைத் தாங்கும், வாயுக் கசிவும் அதில் மிகக் குறைவு. மற்ற இடங்களுக்கு ஐ.எஸ். 303 முத்திரையுள்ள சாதாரண பிளைவுட் போதும்.

கேள்வி (கட்டட வடிவமைப்பாளர், புதுச்சேரி): தேக்கில் செய்தால் மரத்தை வெட்டிய பாவம், பலகையில் செய்தால் பசையின் நஞ்சு. எந்த மரத்தைத்தான் பரிந்துரைப்பது?

பதில்: முதலில் ரப்பர் மரம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரங்களை, மறுநடவுக்காக எப்படியும் வெட்டுகிறார்கள். முன்பு விறகாகப் போன அந்த மரம், போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி உலர்த்தினால் நல்ல மேசைப் பலகையாகிறது. அந்தப் பதப்படுத்தலைச் செய்யாத ரப்பர் மரத்தில் ஓராண்டுக்குள் வண்டு துளைக்கும். ஆகவே பதப்படுத்திய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பிளைவுட் என்றால், தமிழக உழவர்கள் வயலில் வளர்த்து ஏழெட்டு ஆண்டில் அறுவடை செய்யும் மலைவேம்பில் செய்ததைத் தேடலாம். எந்தக் காட்டையும் தொடாத மரம் அது.

தேக்குதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அழைத்துப் போங்கள். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு உத்திரமும் கதவும் அங்கே கிடைக்கும். நூறாண்டு உலர்ந்த மரம் இனி அவ்வளவாக வளையாது, சுருங்காது. இழைப்பதற்கு முன் பழைய ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இழைப்புளி போய்விடும். இறக்குமதி மரம் என்றால், பொறுப்பாகப் பேணும் காட்டிலிருந்து வந்தது என்பதற்கான எஃப்.எஸ்.சி. சான்றின் எண்ணைக் கேளுங்கள். வெறுமனே பச்சை இலை வரைந்த ஸ்டிக்கரை ஏற்காதீர்கள்.

கேள்வி (ஜவுளிக்கடை உரிமையாளர், மதுரை): விற்பனைப் பிள்ளைகள் உட்காரச் சட்டம் வந்திருக்கிறதாமே? கடையில் நாற்காலி போட்டால் நடைபாதை அடைபடும். என்ன செய்வது?

பதில்: 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் சேர்த்த 22அ பிரிவின்படி, பணியாளர் எல்லோருக்கும் இருக்கை வசதி செய்து கொடுப்பது கடமை. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நின்ற பெண்களின் கணுக்கால் வீக்கத்தையும் புடைத்த நரம்பையும் நான் கண்டிருக்கிறேன். இந்தச் சட்டம் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

இடம் பற்றிய கவலைக்கு வழி இருக்கிறது. கவுன்டரின் உள்பக்கத்தில் கீல் வைத்து மடக்கும் இருக்கை பொருத்தலாம். எழுந்தால் தானே மடங்கிக்கொள்ளும், 35 செ.மீ. அகலம் போதும். கவுன்டர் 90 செ.மீ. உயரமாக இருந்தால், 65 செ.மீ. உயரத்தில் உயர்ந்த முக்காலி பொருந்தும். உட்கார்ந்தபடியே துணி விரிக்கலாம், வாடிக்கையாளரின் முகமும் ஏறக்குறைய நேருக்கு நேர் இருக்கும். அதற்குக் கால்வைக்கும் வளையம் கட்டாயம் வேண்டும், புடவை சிக்காதபடி விளிம்புகளை மழுக்கச் சொல்லுங்கள். இருக்கையைப் போட்ட பிறகு, உட்கார்ந்தவரை மேற்பார்வையாளர் முறைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, ஐயா.

கேள்வி (பட்டயக் கணக்காளர், சேலம்): நின்று வேலை செய்யும் மோட்டார் மேசை தேவையா? வலை முதுகு நல்லதா, நுரை மெத்தை நல்லதா?

பதில்: மோட்டார் மேசையின் பயன், அரை மணி நேரத்துக்கொரு முறை மேசையை ஏற்றி இறக்கி, நின்றும் உட்கார்ந்தும் நிலையை மாற்ற முடிவதில் இருக்கிறது. நாள் முழுவதும் நிற்பதற்காக வாங்கினால் வலி முதுகிலிருந்து காலுக்கு இறங்கும். தண்ணீர் பாட்டிலை எழுந்து போய் எடுக்கும் தூரத்தில் வைத்தாலே பாதிப் பயன் கிடைத்துவிடும்.

நம்முடைய வெயிலுக்கு முதுகில் வலையும் இருக்கையில் நுரையும் உள்ள நாற்காலி ஏற்றது. ஆனால் பழைய அரசு அலுவலகங்களில் பார்த்திருப்பீர்களே, பிரம்பு பின்னிய மர நாற்காலி, அதைப்போல் வியர்வையைப் போக்கும் இருக்கை வேறில்லை. பிரம்பு தொய்ந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம். பின்னத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள் என்பதால், உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் அவருக்கு வேலை கொடுங்கள்.

கேள்வி (நிர்வாக அலுவலர், ஓசூர்): கழித்த 40 சுழல் நாற்காலிகள் கிடங்கில் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: முதலில் ஒரு பழுதுகாரரை வரவழைத்து, நல்ல உறுப்புகளைப் பிரித்து ஒன்றுசேர்க்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் நாற்பதில் இருபத்தைந்தாவது தேறும். அவற்றை அருகிலுள்ள அரசுப் பள்ளி அலுவலகத்துக்கோ நூலகத்துக்கோ கொடுக்கலாம். மிச்சத்தில் இரும்பையும் அலுமினியத்தையும் தனித்தனியாகப் பிரித்து எடைக்குப் போடுங்கள். நடுத்தண்டை மட்டும் யாரும் கட்டரால் அறுக்கவோ நெருப்பில் போடவோ விடாதீர்கள். உள்ளே அழுத்தப்பட்ட வாயு இருப்பதால் அது தோட்டாவைப் போலப் பாயும். தண்டுகளைத் தனிச் சாக்கில் கட்டி, உள்ளே கேஸ் இருக்கிறது என்று எழுதி ஒட்டிய பிறகே எடைக் கடைக்காரரிடம் ஒப்படையுங்கள்.