ஐந்து பேர் குழுவுக்கு எத்தனை கிளைகள்?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு திறமூல இயங்குதளத்தை உருவாக்கி வருகிறோம். இதுவரை எல்லா வேலையும் ஒரே கிளையில்தான், அதாவது நிரலின் ஒரே பிரதியில்தான். அடிக்கடி ஏதாவது உடைவதால் பயனர்கள் சலித்துக்கொள்கிறார்கள். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் இருப்பதுபோல ஸ்டேபிள் (நிலையானது), டெஸ்டிங் (சோதனை), அன்ஸ்டேபிள் (நிலையற்றது) என்று மூன்றாகப் பிரிக்கலாமா?

பதில்: வேண்டாம், முதன்மைக் கிளை, ஸ்டேபிள் என்று இரண்டு போதும். டெபியனின் டெஸ்டிங் கிளை பெரும்பாலும் தானாக ஓடுவது. அன்ஸ்டேபிளுக்கு வந்த மென்பொருள் பொதியில் சில நாட்கள் புதிதாகப் பெரிய பக் எதுவும் தென்படாமல், எல்லா வன்பொருள் வகைகளுக்கும் பில்ட் ஆகிவிட்டால் (மூல நிரலிலிருந்து ஓடக்கூடிய வடிவம் பெற்றுவிட்டால்), ஒரு நிரலே அதை டெஸ்டிங்குக்கு நகர்த்திவிடும். அந்த ஏற்பாடும் ஆள்பலமும் இல்லாமல் மூன்றாவது கிளையைத் தொடங்கினால் அதைக் கவனிக்க ஆள் இருக்காது.

சோதனைக் கிளையைத் தனியாக நெடுநாள் ஓடவிடுவதிலும் சிக்கல் உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் முன்பு பதிப்பு எண்ணின் இரண்டாம் பகுதி இரட்டைப்படை என்றால் நிலையானது, ஒற்றைப்படை என்றால் சோதனைக்கு என்று வைத்திருந்தார்கள். 2.4 வந்தது 2001 ஜனவரியில், 2.6 வந்தது 2003 டிசம்பரில். நடுவில் காத்திருக்க முடியாத டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் தொகுப்புகளை வெளியிடுவோர்) 2.5-இன் வசதிகளைத் தாங்களே 2.4-க்குள் திணித்துக்கொண்டன. அப்புறம் அந்த முறையையே கைவிட்டார்கள். இப்போது 9, 10 வாரங்களுக்கு ஒரு வெளியீடு.

ஆகவே முதன்மைக் கிளை எந்நேரமும் பில்ட் ஆகி, பூட் ஆக வேண்டும். சோதனை வசதிகள் அதற்குள்ளேயே, இயல்பாக அணைக்கப்பட்ட பில்ட் விருப்பங்களாக இருக்கட்டும். கோப்பு முறைமை வட்டில் தரவை எழுதும் வடிவத்தை மாற்றும் வேலை மட்டும் விதிவிலக்கு. பயனர் ஒருமுறை மேம்படுத்திவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாமல் போகலாம். அதைத் தனிக் கிளையில் முடித்துவிட்டே கொண்டுவாருங்கள்.

வெளியீட்டை வசதிகளை வைத்துத் தீர்மானிக்காமல் தேதியை வைத்துத் தீர்மானியுங்கள். ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்டு, கடைசி இரண்டு வெளியீடுகளுக்கு மட்டுமே திருத்தம் தருகிறது. நீங்கள் கடைசி வெளியீடு ஒன்றுக்கு மட்டும் திருத்தம் தந்தால் போதும் என்பேன். தேதிக்கு ஒரு மாதம் முன்பு முதன்மைக் கிளையிலேயே புதிய வசதிகளை நிறுத்துங்கள்; ஸ்டேபிள் கிளையைப் பிரிப்பது அதற்குப் பிறகு. முதலிலேயே பிரித்துவிட்டால் எல்லோரும் சுவாரசியமான புது வேலைக்கு ஓடிவிடுவார்கள், ஸ்டேபிளில் பக் பிடிக்க யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

திருத்தம் எதுவானாலும் முதலில் முதன்மைக் கிளைக்கு, பிறகுதான் ஸ்டேபிளுக்கு. தலைகீழாகச் செய்தால், ஸ்டேபிளில் சரிசெய்த பக் அடுத்த வெளியீட்டில் மறுபடி தலைகாட்டும். லினக்ஸ் ஸ்டேபிள் கர்னலின் விதியும் இதுதான்: முதன்மைக் கர்னலில் ஏற்கெனவே சேர்ந்த பேட்ச் (நிரல் திருத்தம்) தான் வரலாம், அதுவும் மாற்றத்தைச் சுற்றிக் காட்டப்படும் சூழல் வரிகள் உட்பட 100 வரிகளைத் தாண்டக் கூடாது. உங்களுக்கும் அந்த அளவு பொருந்தும். ரகசியமாக வைத்துத் திருத்தும் பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் இரண்டு கிளைகளிலும் ஒரே நேரத்தில் போடலாம்.

ஸ்டேபிள் என்றால் எது மாறாது என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் 14.0-க்குத் தொகுத்த நிரல் 14 வரிசை முழுக்க ஓட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கர்னல் இடைமுகம், அமைப்புக் கோப்புகள், பொதி வடிவம் என உங்கள் பட்டியல் சிறியதாக இருந்தாலும் சரி, அதை மீறும் பேட்சை மறுக்க ஒரு காரணம் கையில் இருக்கும்.

கிளையைப் பிரிக்கும் நாளிலேயே அதற்கான ஆதரவு முடியும் தேதியை அறிவித்துவிடுங்கள். ஐவரில், திருத்தங்களை ஸ்டேபிளுக்குக் கொண்டுசெல்லும் பேக்போர்ட் வேலையை யார் பார்ப்பது என்று முடிவாகாதவரை பிரிக்கவே பிரிக்காதீர்கள்.