குறைந்த செலவில் மைனிங் கணினி: எதில் பணம் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது?

கையில் பணம் குறைவு, மைனிங் (கணினியைக் கணக்குப் போட வைத்து கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது) செய்யும் கணினிக்கு எந்தப் பாகத்தை நல்லதாக வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் எந்த நாணயத்தை மைனிங் செய்வது என்று முடிவு செய்யுங்கள். பிட்காயின் மைனிங்குக்கென்றே செய்த ஏசிக் என்ற தனி இயந்திரங்களோடு வீட்டுக் கணினி போட்டி போட முடியாது. கிராபிக்ஸ் கார்டு வைத்து மைனிங் செய்த எத்தீரியம் நாணயமோ 2022 செப்டம்பரில் மைனிங்கையே கைவிட்டது. அதனால் பழைய வீடியோக்களைப் பார்த்து விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிடாதீர்கள்.

சிறிய பட்ஜெட்டுக்கு என் தேர்வு மொனேரோ என்ற நாணயம். 2019 முதல் அது ராண்டம்எக்ஸ் என்ற மைனிங் கணக்கீட்டு முறையில் இயங்குகிறது, பிராசசரே போதும். ஒவ்வொரு திரெட்டுக்கும் (பிராசசர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகளில் ஒன்று) 2 எம்பி எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம், வேண்டும். 16 எம்பி கேஷ் இருந்தால் எட்டு திரெட் முழு வேகத்தில் ஓடும். அதற்கு மேல் கோர் இருந்தும் பெரிய பயனில்லை. எனவே கடையில் கோர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் கேஷ் அளவையும் பாருங்கள். ரேமை ஒரே பட்டையாக வாங்காமல் இரண்டாகப் போடுங்கள், வேகம் கூடும்.

கேபினெட், எஸ்எஸ்டி எதுவானாலும் சரி. பவர் சப்ளையில் மட்டும் தயவுசெய்து கஞ்சத்தனம் வேண்டாம். இரவு பகலாக ஓடப்போகும் இயந்திரம் இது! 400 வாட் இழுக்கும் என்றால் 550 வாட், மின்சாரத்தை வீணாக்காததற்கான கோல்டு தரச்சான்று உள்ளதை எடுங்கள். பின்னாளில் ரைசர் (கார்டை மதர்போர்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் இணைப்பு) வைத்து கிராபிக்ஸ் கார்டு சேர்த்தால், ரைசருக்கு சாட்டா வயரில் (ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டிக்குப் போகும் மின்வயர்) மின்சாரம் கொடுக்காதீர்கள். அது தாங்குவது 54 வாட். ரைசர் வழியே கார்டு 75 வாட் வரை கேட்கலாம். வயர் உருகித் தீப்பிடிக்கும்.

வாங்கும் முன் மின்கட்டணத்தைக் கணக்குப் போடுங்கள்: 300 வாட் கணினி நாளுக்கு 7.2 யூனிட் தின்னும்.